கரும்பலகையில் ஒரு மூக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாஜி காலப் பத்திரிகைப் படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கேலிச்சித்திரம் என்றாலே மிகைப்படுத்துவதுதானே? நம் ஊர் கார்ட்டூனிஸ்டுகள் தலைவர்களின் மூக்கு, தொப்பை, வழுக்கை எதையும் விட்டுவைப்பதில்லை. யூதர்களை வரைந்தால் மட்டும் ஏன் குற்றம்? படம் போட்டதற்காக யாராவது தண்டனை பெற்றார்களா?

க.

அன்புள்ள க.,

தலைவரின் மூக்கை வரைகிறவர் அந்த மூக்கைப் பார்த்திருக்கிறார், நாமும் பார்த்திருக்கிறோம். சிரிப்பு வருவது அதனால்தான். என் கட்டுரையில் வந்த படங்களில் பெரும்பாலும் அப்படி ஒரு ஆளே கிடையாது.

1938-இல் நூரம்பர்க்கில் 'விஷக்காளான்' என்று குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம் வந்தது. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி. கரும்பலகை முன்னால் ஒரு மாணவன் நிற்கிறான். யூதரின் மூக்கு நுனியில் வளைந்து 6 என்ற எண்ணைப் போல இருக்கும் என்பது பாடம். தெருவில் பார்த்ததுமே தெரியும் என்றால் கரும்பலகை எதற்கு? படங்களை வரைந்தவர் பிலிப் ருப்ரெக்ட். 'ஃபிப்ஸ்' என்று கையெழுத்திடுவார். நாஜிப் பிரமுகர் யூலியுஸ் ஸ்ட்ரைஹர் நடத்திய யூத வெறுப்புப் பத்திரிகையான 'டெர் ஷ்டூர்மர்'-இன் ஆஸ்தான ஓவியரும் இவர்தான். குழந்தைகளைக் கொன்று யூதர்கள் ரத்தம் பிடிக்கிறார்கள் என்று 1934 மே மாதம் அந்தப் பத்திரிகை ஒரு சிறப்பிதழே போட்டது.

அந்தப் பொய் பழைய சரக்கு. அதே நூரம்பர்க்கில் 1493-இல் அன்டோன் கோபெர்கர் அச்சிட்ட உலக வரலாற்று நூலில் அந்தக் காட்சி மரச்செதுக்குப் படமாக இருக்கிறது. இத்தாலியின் டிரெண்ட் நகரில் 1475-இல் சிமோன் என்ற சின்னக் குழந்தை இறந்துகிடந்தது. பழி அங்கிருந்த யூதக் குடும்பங்கள் மேல் விழுந்தது. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி, ஆண்கள் பலரைக் கொன்றார்கள். படத்தில் குழந்தையைச் சுற்றி நிற்பவர்களின் உடையில் யூதர்கள் அணிய வேண்டியிருந்த வட்ட அடையாளம், பக்கத்தில் பெயர்கள்: சாமுவேல், மோசே, தோபியாஸ். மூக்கைவிட இந்தப் பெயர்கள்தான் என்னை உறுத்துகின்றன. அந்த நூலில் ஒரே அச்சுக்கட்டையை வேறு வேறு நகரங்களுக்கும் அரசர்களுக்கும் கூசாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். இங்கே மட்டும் அத்தனை துல்லியம். 1499-இல் நூரம்பர்க் தன் யூதர்களை வெளியேற்றியது. சிமோனைத் தியாகியாக வழிபடுவதைக் கத்தோலிக்கத் திருச்சபை நிறுத்தியது 1965-இல்தான்.

உங்கள் வாதம் கொஞ்சம் எடுபடும் இடமும் உண்டு. 1898-இல் 'லெ ரிர்' என்ற பிரெஞ்சு இதழின் அட்டையில் லெயாந்த்ர் வரைந்த யூத வங்கிக்காரர் ரோத்சில்ட், நகம் நீண்ட கைகளால் பூமி உருண்டையை அணைத்திருக்கிறார். ரோத்சில்ட் நிஜமான பணக்காரர். பணக்காரரைக் கிண்டல் செய்யலாம். ஆனால் டிரெய்ஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைப் பொய்யாகத் தேசத்துரோகி ஆக்கிய வழக்கில் பாரிஸ் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நகங்களை ஒரு வங்கிக்காரரின் நகங்களாக மட்டும் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அப்புறம் தண்டனை. ஸ்ட்ரைஹரை 1946 அக்டோபரில் நூரம்பர்க்கிலேயே தூக்கிலிட்டார்கள். யாரையும் தன் கையால் கொன்றதாக அவர்மேல் வழக்கு இல்லை. பேசியும் எழுதியும் அச்சிட்டும் கொலைக்குத் தூண்டினார் என்பதே குற்றம். ஃபிப்ஸ் சில ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.