'குஷியல்ஸ் டார்ட்': நூறு பக்கத்தில் நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம் நண்பரே. மதுரை தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய 'குஷியல்ஸ் டார்ட்' நூறு பக்கத்தோடு நின்றுவிட்டது, பெயர்கள் குழப்புகின்றன, காமக் காட்சிகள் கூச்சமாக இருக்கின்றன, தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடருங்கள். கற்பனை உலகில் நடக்கும் ஜாக்குலின் கேரியின் இந்த 2001ஆம் ஆண்டு ஆங்கில நாவல் மெதுவாகத்தான் தொடங்கும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், முக்கியமானவர்கள் தானாகப் பதிந்துவிடுவார்கள்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதை சொல்லும் ஃபெத்ர் வலியிலேயே இன்பம் காணும் பிறவி. கண்ணில் உள்ள சிவப்புப் புள்ளி அதற்கான அடையாளம். அதோடு அவள் ஓர் உளவாளி. படுக்கையறையில் காதில் விழுவதுதான் அரசியல் சதிக்கு நூல் பிடித்துக் கொடுக்கிறது. அந்தப் பக்கங்களைப் படிக்காமல் தாண்டினால் கதையே கைவிட்டுப் போகும். வையையில் காதலர் நீராடியதைப் பரிபாடலில் பாடிய ஊர் நம்முடையது, சிற்றின்பம் நமக்குப் புதிதல்ல. அப்புறம், அவள் பனி நாட்டுக்குப் போன பிறகு என்னால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

ஆனால் இந்த வரிசையின் மூன்றாம் பாகமான 'குஷியல்ஸ் அவதார்' (2003) வேறு மாதிரி. குழந்தைகள் படும் கொடுமை அதில் வருகிறது. இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுத்தான் என்னால் மேலே படிக்க முடிந்தது. மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் மட்டும் அதை எடுங்கள்.