பால் கக்கும் கைக்குழந்தை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைகள் நல வார்டில் செவிலியராக இருக்கிறேன், தாய்ப்பால் ஆலோசனையும் தருகிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் பால் கக்குவது, குடிக்க மறுப்பது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் கேட்காதீர்கள். குழந்தையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

திருச்சி: பையனுக்கு 7 வாரம். குடித்த ஒவ்வொரு முறையும் கக்குகிறான், சில நேரம் தயிர் போலத் திரிந்து வருகிறது. மாமியார் "கக்கின பிள்ளை தக்கும்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

உங்கள் மாமியார் சொல்வது சரிதான், ஆனால் எடை ஏறினால் மட்டும்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது இன்னும் இறுகவில்லை. குடிப்பதெல்லாம் திரவம், நாளில் பெரும்பகுதி படுக்கை. அதனால் பால் மேலே ஏறி வருகிறது. பெரும்பாலும் 8 வாரத்துக்குள் ஆரம்பிக்கும், 4 மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும். உட்காரவும் கெட்டியாகச் சாப்பிடவும் தொடங்கியதும் குறையும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். திரிந்து வருவது இரைப்பை அமிலம் பட்டதால்தான், பால் கெட்டுப்போனதால் அல்ல.

எவ்வளவு வெளியே வந்தது என்று துணியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு ஸ்பூன் பாலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு பெரிய ஈரமாகப் படர்கிறது என்று தெரியும். எடையைப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் நாளைக்கு 25 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, கக்கிவிட்டுச் சிரிக்கிறான் என்றால் அவனுக்கு வைத்தியம் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காம்பை மட்டும் சப்ப விடாமல், அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வையுங்கள்; மேலோட்டமாகப் பிடித்தால் காற்றையும் சேர்த்து விழுங்குவான். ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடிக்கட்டும், அப்புறம் மறுபக்கம். குடித்ததும் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடியுங்கள். ஏப்பம் வந்தால் நல்லது, வராவிட்டால் முதுகில் ஓங்கித் தட்ட வேண்டியதில்லை. குடித்த கையோடு தூளியில் போடாதீர்கள். அதில் உடம்பு வளைந்து வயிறு அமுங்கும், மோவாய் நெஞ்சில் முட்டும். தூங்க வைக்கும்போது சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள்.

சேலம்: மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா? என் அம்மா குப்புறத்தான் போடச் சொல்கிறார்.

போகாது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். ஏறி வரும் பால் கீழ்ப்பக்கமே தங்கும், குழந்தை அதை விழுங்கிவிடும் அல்லது துப்பிவிடும். குப்புறப் போட்டால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் ஆபத்து குப்புறப் படுக்கும்போது கூடுதல். ஒருக்களித்தும் வேண்டாம், அப்படியே புரண்டு குப்புற விழுந்துவிடும். தலையணை, சாய்வு மெத்தை எதுவும் வேண்டாம். கக்கும் குழந்தைக்கும் இதேதான்.

கோவை, நெல்லை, இன்னும் மூன்று பேர்: கிரைப் வாட்டர் தரலாமா?

வேண்டாம். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தோன்றிய மருந்து அது. அப்போது அதில் ஆல்கஹால் இருந்தது, குழந்தை அமைதியானதில் வியப்பில்லை. இப்போது வருவதில் ஆல்கஹால் இல்லை. ஆனால் கக்குவதை நிறுத்தும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், வெறும் தண்ணீர்கூட வேண்டாம்.

பெங்களூர், ஒரு அப்பா: 2 மாதக் குழந்தை, பவுடர் பால். கெட்டியாகக் கலந்தால் கக்குவது குறையும் என்று நண்பர் சொன்னார்.

தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். டப்பாவில் எத்தனை மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு, டப்பாவோடு வந்த ஸ்கூப்பால், தலை தட்டி. கூட்டினால் உப்புச்சத்து கூடிச் சிறுநீரகத்துக்குச் சுமை, உடம்பில் நீர் வற்றும். குறைத்தால் எடை ஏறாது. கேழ்வரகுக் கூழ், அரிசிக் கஞ்சி கலப்பதும் வேண்டாம்.

முதலில் மொத்த அளவைப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. 5 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. அதைவிட நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தால் கக்கத்தான் செய்யும். அதே அளவை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் படுக்கைவாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்துங்கள். குழந்தை முகத்தைத் திருப்பினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தஞ்சாவூர், ஒரு பாட்டி: என் பிள்ளைகள் நாலு பேருக்கும் உரைமருந்து கொடுத்துத்தான் வளர்த்தேன். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு. இப்போது பேத்திக்குக் கொடுக்கக் கூடாது என்கிறாள் மருமகள்.

அம்மா, நாலு பிள்ளைகளை வளர்த்த உங்கள் கையில்தான் பேத்தி நன்றாக இருப்பாள். ஆனால் இந்த விஷயத்தில் நான் மருமகள் பக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. வசம்பு அளவு மீறினால் நிற்காத வாந்தி வரும். கக்குவதற்குக் கொடுத்த மருந்தே வாந்தியைக் கூட்டிவிடும். அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதை 1968இலேயே தடை செய்துவிட்டார்கள். ஜாதிக்காய் கூடினால் மயக்கம் வரும், தூங்கி வழியும் குழந்தை பாலுக்கு எழாது. உரைகல்லும் சுத்தமாக இருக்காது.

சித்த மருத்துவ மாணவர்: நீங்கள் பொத்தாம் பொதுவாகப் பேசுகிறீர்கள். சித்தத்தில் வசம்பைச் சுத்தி செய்துதான், அதாவது நச்சு நீக்கித்தான், பயன்படுத்துவோம். அளவும் உண்டு.

ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுத்தியும் அளவும் வீட்டில் நடக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மளிகைக் கடையில் வாங்கிய வசம்பை விளக்கில் சுட்டு, இன்று இரண்டு இழைப்பு, நாளை அழுகை கூட என்றால் நாலு இழைப்பு. வார்டுக்கு வரும் குழந்தைகளின் அம்மாக்கள் சொல்வது இதைத்தான். தகுதி பெற்ற சித்த மருத்துவர் குழந்தையைப் பார்த்துக் கொடுப்பது வேறு, அதை நான் பேசவில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்குள், எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எந்த முறையிலும் மருந்து எதற்கு?

தஞ்சாவூர் பாட்டி மறுபடி: கையில் வசம்பு வளையலாவது போடலாமா?

இப்போது வேண்டாம் அம்மா. கையை வாயில் வைக்கும் வயது. வசம்பை உறிஞ்சும், மணி கழன்றால் தொண்டையில் சிக்கும்.

நாமக்கல்: 12 நாள் குழந்தை. இன்று காலையிலிருந்து பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பியிருக்கிறது. உரம் விழுந்திருக்கும், உரம் எடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.

வசம்பு விவாதம் நிற்கட்டும், இதுதான் முதல். இந்த நிமிடமே 108ஐக் கூப்பிட்டு, குழந்தை அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் கொடுக்காதீர்கள். பச்சை என்றால் பித்தநீர், குடலில் எங்கோ அடைப்பு இருக்கலாம். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். உரம் எடுக்கிறவரிடம் போகிற நேரம்கூட இதில் நஷ்டம்தான்.

மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: பச்சை வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, பாலுக்கு எழாத சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். 2 முதல் 8 வாரத்துக்குள் பால் பீய்ச்சி அடித்துத் தள்ளிப்போய் விழுந்து, உடனே மறுபடி பசியென்று அழுதால் இரைப்பையின் கீழ்வாய் தடித்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும், சின்ன அறுவைச் சிகிச்சையில் சரியாகும்.

விழுப்புரம்: அப்படியானால் உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது எல்லாமே தப்பா? எங்கள் ஊரில் நிறையப் பேருக்குக் குணமாகியிருக்கிறது.

தானாகவே நிற்கும் தொல்லைக்கு எதைச் செய்தாலும் அதனால் நின்றதாகத்தான் தோன்றும். தலை நிற்காத குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதும், தலைகீழாகப் பிடிப்பதும், தொண்டைக்குள் விரல் விடுவதும் ஆபத்து. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் அப்படித்தான். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி வரும் நிமோனியாவை வார்டில் பார்த்திருக்கிறேன், லேசில் ஆறாது. கெஞ்சிக் கேட்கிறேன், மூக்கில் எண்ணெய் விடாதீர்கள்.

ஈரோடு: கிரைப் வாட்டர் ஒரே ஒரு ஸ்பூன்?

மேலே எழுதிவிட்டேன். ஒரு ஸ்பூனும் வேண்டாம்.

சென்னை: 3 மாதப் பெண் குழந்தை. மார்பில் வைத்தாலே வில்லாக வளைந்து கத்துகிறாள். எடை ஏறவில்லை. மலத்தில் சளி, சில நாள் ரத்தக் கீற்று. மெடிக்கல் ஷாப்பில் வாந்தி சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தோம்.

இது வெறும் கக்கல் இல்லை. இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வாந்திச் சொட்டு மருந்தில் இருக்கக்கூடிய டாம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, ஐரோப்பாவில் 2014இலேயே அதன் பயன்பாட்டைச் சுருக்கிவிட்டார்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் கக்கும் அளவைக் குறைக்காது. எரிச்சல் இருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தால்தான் அவை.

சளி, ரத்தக் கீற்று, எடை ஏறாமை மூன்றும் சேர்ந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். நீங்கள் குடிக்கும் பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போகிறது. டாக்டர் சரி என்றால் 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், பன்னீர், நெய், பால் சேர்த்த டீ எல்லாவற்றையும் விட்டுப் பாருங்கள், கால்சியத்துக்கு மாத்திரை கேளுங்கள். ஆட்டுப்பால் மாற்றாகாது, அதிலும் இதே ஒவ்வாமை வரும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பத்தியம் என்று பருப்பு, காய், மீன் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள், உங்கள் உடம்பும் தாங்க வேண்டும். மார்பைப் பார்த்துக் கத்துகிறவளை வற்புறுத்தாமல், அரைத்தூக்கத்தில் இருக்கும்போது வைத்துப் பாருங்கள்.

மதுரை: 33 வாரத்தில் பிறந்த குழந்தை. உறிஞ்சும்போதே களைத்துவிடுகிறான்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் ஒழுங்கு 34 வார வாக்கில்தான் கூடிவரும். மார்பில் வைத்து முடித்ததும் மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் கொடுங்கள். படுக்க வைத்து ஊற்றாமல், நிமிர்த்திப் பிடித்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கிய பிறகு அடுத்தது. மூக்கைப் பிடித்து ஊட்டவே கூடாது. உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரி. மற்றபடி பிறந்த இடத்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் காட்டிக்கொண்டே இருங்கள்.

தேனி: பால் குடித்ததும் விக்கல்.

ஒன்றும் செய்யாதீர்கள், தானாக நிற்கும்.

காரைக்குடி: ஒன்றரை வயதுப் பையன் சோறு சாப்பிட மாட்டேன் என்கிறான்.

அது வேறு விஷயம், உணவு ஆலோசகரைக் கேளுங்கள்.

திருச்சி மறுபடி: எடை பார்க்க எங்கே போவது அக்கா? கிளினிக்கில் ஒரு எடை, வீட்டுத் தராசில் ஒரு எடை வருகிறது.

அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்க்கலாம், காசு இல்லை. ஒவ்வொரு முறையும் அதே தராசு, உடுப்பும் டயபரும் இல்லாமல். தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை போதும். தினமும் பார்த்தால் குடித்த பாலும் போன மூத்திரமும்தான் தராசில் தெரியும்.