குழந்தை நலப் பணியாளர்களுக்கு எதற்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி?

ஆபத்திலோ ஆதரவின்றியோ இருக்கும் பிள்ளைகளைச் சந்தித்துப் பேசி, பாதுகாப்புக்கு வழி செய்பவர்தான் குழந்தை நலப் பணியாளர். அவர் முதலில் பழக வேண்டியது கேள்வி கேட்கும் முறை.

காரணம் எளிது. "அப்பா அடித்தாரா?" என்று கேட்டால், பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைப் பிள்ளை சொல்லிவிடலாம். "என்ன நடந்தது, சொல்லு கண்ணு" என்றால் தன் வார்த்தையில் சொல்லும். அதையே நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால் நினைவே கலங்கிவிடும். பாம்பன் மணலில் பதிந்த காலடித் தடத்தைப் பார்க்கப் போனவர்களே மிதித்து அழிப்பது மாதிரி. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012), வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக்கூடாது என்பதும் பிள்ளை மிரளக்கூடாது என்றுதான்.

அப்புறம், ஊரையும் படிக்க வேண்டும். அப்பா கடலுக்கும் அம்மா பாசி எடுக்கவும் போன வீட்டில் பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும். வெளியூர்ப் பணியாளர் அதைப் 'புறக்கணிப்பு' என்று எழுதிவிட்டால் அபத்தம். அதே சமயம், இலங்கைக் கடற்படையிடம் படகோடு அப்பா சிக்கிக்கொண்ட வீட்டில் பிள்ளை பள்ளிக்கு வராமல் போனால் உடனே விசாரிக்க வேண்டும். இந்த வித்தியாசம் ஒருநாள் வகுப்பில் வராது. மூத்தவரோடு வீடுவீடாக நடந்தால்தான் வரும். சட்டமும் மாறுகிறது: பிள்ளைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான 2015 இளைஞர் நீதிச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி மட்டுமே; அதை எடுத்துச் சொல்லவும் பணியாளருக்குத் தெரிய வேண்டும்.