ஐப்பசிக்கு முன்னால் மோட்டார் ரூமைப் பாருங்கள்

கேள்வி: காங்கயம் பக்கம் எங்கள் ஊர். பால் சொசைட்டிச் சுவரில் ஒட்ட மழைக்கால எச்சரிக்கை ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். போன ஐப்பசியில் ஒரு தோட்டத்தில் மோட்டார் ரூம் பக்கம் ஓட்டி வந்த மாடு ஷாக் அடித்துச் செத்தது. கூடவே நடந்து வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஏன்? மழை பிடிப்பதற்குள் தோட்டத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: இடி, பாம்பு, வெள்ளம், கிணறு என்று பத்தையும் ஒரே தாளில் எழுதினால், பால் ஊற்ற வருகிறவர் ஒன்றையும் படிக்க மாட்டார். கரண்ட்டை முதலில் எழுதுங்கள். தாளில் முக்கால் பாகத்தை அதற்கே கொடுங்கள்.

மாட்டிலிருந்தே தொடங்கலாம். மோட்டாரிலோ ஸ்டார்ட்டரிலோ கரண்ட் கசிந்தால், அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கும். எர்த் குழியை ஒட்டிய மண்ணில் வோல்ட் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். ஆக, நடக்கும்போது முன் வைத்த காலுக்கும் பின் காலுக்கும் வெவ்வேறு வோல்ட். மனிதர் எட்டு வைத்தால் இரண்டு, இரண்டரை அடி. அதுவும் செருப்புக் கால். கரண்ட் ஏறினாலும் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நாலைந்து அடி, ஈரக் குளம்பு, நடுவில் நெஞ்சு. அதனால்தான் மாடு விழுந்தது, ஆள் தப்பினார். அன்றைக்கு அவர் மோட்டார் ரூமின் இரும்புக் கதவில் கை வைத்திருந்தால் கதையே வேறு.

சரி, கசிந்த உடனே பியூஸ் போயிருக்க வேண்டாமா? நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. இந்த மண்ணில் எர்த் சுலபத்தில் பிடிக்காது. ஒரு எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் கசிந்தால் அதன் வழியே போவது 11.5 ஆம்பியர்தான். ஐந்து குதிரை மோட்டாருக்கு 15, 20 ஆம்பியர் பியூஸ் போட்டிருப்போம். அது போகாது. மோட்டார் பாடி மணிக்கணக்கில் கரண்ட்டோடு உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் வந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

ஆகவே மழைக்கு முன் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால், மெயின் சுவிட்சை அடுத்து ஆர்சிசிபி மாட்டுங்கள் என்பேன். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பை நிறுத்தும் சுவிட்ச் அது. ஊரில் ஈஎல்சிபி என்று சொல்வதுதான். ஆள் உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். பியூஸ் 11 ஆம்பியருக்கும் அசையாத இடத்தில் இது 0.03 ஆம்பியருக்கே விழுந்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் வேலை செய்யும். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். நியூட்ரல் இல்லாமல் மூன்று பேஸ் மட்டும் கொடுத்திருந்தால் சில மாடல்களில் அந்தப் பட்டன் வேலை செய்யாது; மாட்டும்போதே வயர்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அதை மாட்டினால் சும்மா சும்மா விழுதுங்க" என்று கழற்றி வைத்தவர்கள் நிறையப் பேர். சும்மா விழாது. போர்வெல்லுக்குள் கேபிள் ஜாயின்ட் கசிந்தால் விழும், மோட்டார் சுருளில் ஈரம் ஏறினால் விழும். இன்னொன்றும் உண்டு, எழுதவே தயக்கமாக இருக்கிறது: ஒரு பேஸையும் எர்த்தையும் எடுத்து மாட்டுக் கொட்டகையில் பல்பு எரிப்பது. நம் தோட்டங்களில் இது புதிதல்ல. ஆர்சிசிபி இருந்தால் அந்தப் பல்பு எரியாது, சுவிட்ச் உடனே விழுந்துவிடும். பல்புக்காக ஆர்சிசிபியைக் கழற்றுகிறார்கள். எர்த் குழி காய்ந்தோ கம்பி அறுந்தோ இருந்தால், அந்தப் பல்பு வழியாக வரும் கரண்ட் மோட்டார் பாடியில்தான் நிற்கும். இதை அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அப்புறம் கம்பிகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசி முதல் ஆவணி வரை உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை மாதம் ஆடிய கம்பி தொங்கியிருக்கும், தென்னை மட்டை உரசியிருக்கும். புரட்டாசியிலேயே லைன் நெடுக நடந்து அண்ணாந்து பாருங்கள். மட்டை கம்பியைத் தொட்டால் நீங்களே ஏறி வெட்ட வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்கம்பத்திலும், அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியிலும் ஆடு மாடு கட்டுவது, துணிக்கொடி கட்டுவது இரண்டும் கூடாது. ஸ்டே கம்பியின் நடுவில் இருக்கும் பீங்கான் உடைந்திருந்தால் அதையும் புகார் செய்யுங்கள். காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவது குற்றம். ஆளும் அடிபட்டுச் செத்த இடங்கள் உண்டு.

மழை நன்றாகப் பெய்தால் மோட்டார் மூன்று வாரம் சும்மா கிடக்கும். அதற்குப் பிறகு முதல் தடவை போடும்போதுதான் ஆபத்து அதிகம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு, பல்லி, குளவிக்கூடு எல்லாம் குடியேறியிருக்கும், சுவர் ஓதம் ஏறியிருக்கும். மெயினை இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். போடும்போது காய்ந்த பலகை மேல் செருப்போடு நில்லுங்கள். புறங்கையால் தொட்டு "ஷாக் இருக்கா" என்று பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே ஓடவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள், குழாயின் அடியிலுள்ள புட்வால்வு பார்க்கக் கிணற்றில் இறங்குமுன் பியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோவை அணைத்தால் மட்டும் போதாது. மேலே நிற்கும் பையன் நல்ல எண்ணத்தில் போட்டுவிடுவான்.

கம்பி அறுந்து கிடந்தால் 30 அடிக்குள் யாரும் போகக் கூடாது. கரண்ட் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே கிட்டத்தில் நின்றால், பாதத்தைத் தூக்காமல் ஒட்டினாற்போல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். மாடு செத்த காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் மெயின். அது முடியாவிட்டால் காய்ந்த மூங்கிலால் தள்ளலாம், ஆனால் வீட்டு, மோட்டார் லைனுக்கு மட்டும். 11,000 வோல்ட் லைனுக்கு மூங்கிலும் உதவாது. மூச்சில்லாமல் கிடந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள்.

மீதிக் கால் பாகத்துக்கு இடி, பாம்பு என்று இரண்டு விஷயம் போதும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் கொறங்காட்டை (மேய்ச்சல் காட்டை) விட்டு ஓட்டு வீட்டுக்கோ காருக்குள்ளோ போய்விடுங்கள்; வெள்வேல மரத்தடியும் கம்பி வேலி ஓரமும் வேண்டாம். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பொறுங்கள். சோளத்தட்டுப் போரில் கை வைக்குமுன் குச்சியால் தட்டுங்கள், இரவில் கட்டிலில் படுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, கண் இமை சொருகல் என்றால் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே அரசு மருத்துவமனைக்கு.

தாளின் அடியில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 போடுங்கள். கூப்பிட்டால் சர்வீஸ் நம்பர் கேட்பார்கள். மழை இருட்டில் அந்த நம்பர் உள்ள கார்டை யாரும் தேட முடியாது. ஆளுக்கொரு சர்வீஸ் நம்பரையும் டிரான்ஸ்பார்மர் பெயரையும் மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், வீட்டுச் சுவரிலும் ஒன்று.