கரியமிலவாயுவும் ஒரு நாட்டின் வரவு செலவும்: கேள்வி பதில்

ஈரோட்டுப் பொருளியல் மாணவி: ஐயா, நம் நாட்டின் கரிம உமிழ்வுக்கு மக்கள்தொகைதான் காரணமா?

நான்கு காரணங்களில் அது ஒன்று. மக்கள்தொகை, தலா உற்பத்தி, ஒரு ரூபாய் உற்பத்திக்குச் செலவாகும் எரிசக்தி, அந்த எரிசக்தியின் ஓர் அலகு வெளியிடும் கரியமிலவாயு ஆகிய நான்கையும் பெருக்கினால் வருவதே மொத்த உமிழ்வு என்று ஜப்பானியப் பொறியியலாளர் யோய்ச்சி காயா வகுத்தார். மொத்தத்தில் இந்தியா உலகில் மூன்றாம் இடத்தில் இருந்தாலும், தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான். அமெரிக்காவில் அது ஏறத்தாழ 14 டன். பழியை மக்கள்தொகையின் மீது மட்டும் போடுவது நியாயமன்று.

திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்: தொழில் வளர்ந்தால் புகையும் வளரத்தானே செய்யும்?

வளர்ந்தே தீர வேண்டுமென்பதில்லை. 1990-க்குப் பின் பிரிட்டனின் பொருளாதாரம் பெருகியது, உமிழ்வோ ஏறக்குறையப் பாதியாகியது; 2024 செப்டம்பர் 30 அன்று அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. ஆனால் அங்கே அணியும் பனியன் இங்கே பின்னப்பட்டுச் சாயமேறும்போது, அதற்கான உமிழ்வு நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் தொழிலையே பாருங்கள்: 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை கட்டாயமாகியது. ஆர்ஓ வடிகட்டியது போக மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து வற்றவிடுகிறீர்கள். நொய்யல் ஆற்றைக் காக்க அது தேவைதான். ஆயினும் அதற்கான நீராவியும் மின்சாரமும் ஒவ்வொரு கிலோ துணியின் எரிசக்திச் செலவில் சேர்கின்றன. பாய்லருக்கு என்ன எரிக்கிறோம் என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

பெருந்துறை ஏற்றுமதியாளர்: ஐரோப்பாவின் கார்பன் வரி பனியனுக்கும் உண்டா?

வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பொருளை உருவாக்கும்போது வெளியான கரியமிலவாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வாங்கும் கட்டணம் அது. 2026 ஜனவரியில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்றவையே பட்டியலில் இருந்தன, ஜவுளி இல்லை.

உடுமலை விவசாயி: எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் காற்றாலை. பிறகும் ஏன் நிலக்கரி?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை வலுவாக வீசிப் பின்பு தளர்ந்துவிடும். சூரிய மின்சாரமோ அந்தி சாய்ந்ததும் நின்றுவிடும். அந்த இடைவெளியை மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்கள் நிரப்புகின்றன; நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு. காற்றாலையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் போதாது, சேமிப்பும் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அதற்கு நம் ஆழியாற்றுக்கு மேலேயே முன்மாதிரி இருக்கிறது: 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலேற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறது.