வேட்டைக்குத் தடை இருந்தும் கிரிஸ்லி கரடிகள் சாவது ஏன்?

வேட்டையாடத் தடை இருக்கும்போது வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி வகையான கிரிஸ்லி கரடிகளை யார் கொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் வளர்ந்த கரடிகளின் சாவுக்குப் பெரும்பாலும் மனிதர்கள்தான் காரணம். மாடுகளை அடித்துத் தின்னும் கரடியை அதிகாரிகளே கொல்வார்கள். எல்க் மான் வேட்டைக்குப் போனவர்கள் தற்காப்புக்காகச் சுடுவதும் உண்டு. அப்புறம் வாகனங்கள்: 399 என்ற எண்ணால் புகழ்பெற்ற தாய்க்கரடி, 28 வயதில், 2024 அக்டோபரில் வயோமிங் மாநில நெடுஞ்சாலையில் கார் மோதித்தான் இறந்தது.

ஊருக்குள் வரும் கரடிகளின் கதை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. மூடாத குப்பைத்தொட்டி, கோழிக்கூண்டு, மரத்தடியில் உதிர்ந்த ஆப்பிள் என்று ஒருமுறை ருசி கண்டால் போதும், கரடி திரும்பத் திரும்ப வரும். மயக்க ஊசி போட்டுத் தொலைவில் விட்டாலும் நடந்தே வந்துவிடும். பல நேரங்களில் முடிவு மரணம்தான். தாய்க்கரடி சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும் என்பதால், ஒன்று போனாலும் ஈடுகட்ட வெகுகாலம் ஆகும்.

என்னைக் கேட்டால், கரடி திறக்க முடியாத தொட்டியும் மின்வேலியும்தான் முதல் வேலை. 1975-இல் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகு யெல்லோஸ்டோன் பகுதியில் கரடிகள் பல மடங்கு பெருகியதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.