உளவியல் மேற்படிப்பு: பணம் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் உளவியல் மேற்படிப்புக்குத் தயாராகும் வாசகர்களின் கேள்விகள் இவை. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

மருத்துவ உளவியலில் பிஎச்.டி., சை.டி. (Psy.D., சிகிச்சைப் பயிற்சியை மையமாகக் கொண்ட முனைவர் பட்டம்) இரண்டுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. சை.டி. சீக்கிரம் முடியும் என்கிறார்கள். எதில் சேரட்டும்?

இரண்டில் எதைப் படித்தாலும் உரிமம் வாங்கிச் சிகிச்சை அளிக்கலாம். பெரிய வித்தியாசம் பணத்தில்தான். பிஎச்.டி.யில் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பீர்கள், அல்லது இளநிலை மாணவர்களின் விடைத்தாள் திருத்துவீர்கள். அதற்கு ஈடாகப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கல்விக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தரும். சை.டி. 1968-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், சிகிச்சையாளர்களை உருவாக்கவென்றே தொடங்கிய படிப்பு. அங்கே ஆய்வு நிதி குறைவு, மாணவர்கள் அதிகம். விதிவிலக்குகள் உண்டு என்றாலும், கட்டணம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

ஓராண்டு மிச்சமாகிறதே என்று நான்காண்டுக் கட்டணத்தை ஏற்காதீர்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் படிப்பும் கட்டணம், படித்து முடிக்க ஆகும் ஆண்டுகள், பாதியில் விலகியவர்கள், உரிமம் பெற்றவர்கள் ஆகிய விவரங்களைப் பொதுவில் வெளியிட்டே ஆக வேண்டும். இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

"முழு நிதியுதவி" என்று கடிதம் வந்துவிட்டது. இனிக் கவலை இல்லைதானே?

எனக்கு வந்த கடிதத்திலும் அதே வார்த்தைதான் இருந்தது. இரண்டாம் பத்தியில் "ஒன்பது மாதங்களுக்கு" என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். மே மாதத்தோடு பணம் நின்றது. ஜூன் வாடகைக்குத் தோழியிடம் கைமாற்று வாங்கினேன். நீங்கள் இதையெல்லாம் கேளுங்கள்: கோடை மாதங்களுக்குப் பணம் உண்டா? எத்தனை ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி தருகிறார்கள்? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது? கட்டணத் தள்ளுபடி போக, ஒவ்வொரு பருவத்துக்கும் தனியாகக் கேட்கும் சில்லறைக் கட்டணங்கள் எவ்வளவு? உதவித்தொகைக்கு வருமான வரியும் உண்டு, அதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

பேராசிரியரிடம் கேட்டதோடு விடாமல், அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவரையும் கேளுங்கள். மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அப்புறம், உடனே பதில் சொல் என்று யாராவது நெருக்கினால் பயப்பட வேண்டாம். நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க இடம் தர வேண்டும் என்ற தீர்மானத்தில் நிறையப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன.

முதலில் மாஸ்டர்ஸ் படித்துவிட்டு பிஎச்.டி.க்கு முயலலாமா?

பிஎச்.டி.யில் சேர மாஸ்டர்ஸ் கட்டாயமில்லை. மாஸ்டர்ஸுக்கு உதவித்தொகை அரிது. ஆய்வு அனுபவம்தான் குறை என்றால், ஆய்வுக்கூடத்தில் சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு உதவியாளராக இருப்பது மேல். ஆலோசகராக உரிமம் பெறுவதே நோக்கம் என்றால் மாஸ்டர்ஸ் போதும்.

என் மகள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறாள். வீட்டை அடமானம் வைக்கட்டுமா?

அவசரப்படாதீர்கள். அமெரிக்க அரசின் கல்விக் கடன் அவளுக்குக் கிடைக்காது. பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரைதான் வளாகத்தில் வேலை செய்யலாம், உதவித்தொகைக்காகச் செய்யும் வேலையும் அதில் சேர்த்தி. ஆகவே அந்த வருமானத்தில் பெரிய கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று நம்ப முடியாது. கட்டணத் தள்ளுபடியோடு வரும் பிஎச்.டி. என்றால் சந்தோஷமாக அனுப்புங்கள். முழுக் கட்டணம் கட்டும் படிப்பு என்றால், வீட்டுப் பத்திரத்தை எடுக்காமல் இன்னொரு ஆண்டு விண்ணப்பிக்கச் சொல்வேன்.

நான் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவன். கடன் வாங்கிப் படித்தால் பிறகு தள்ளுபடி ஆகும் என்கிறார்களே?

ஆகும், நிபந்தனையோடு. அரசு அல்லது லாப நோக்கற்ற நிறுவனத்தில் முழுநேர வேலையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால், அரசுக் கடனில் மீதி தள்ளுபடியாகும். தனியார் வங்கிக் கடனுக்கு இது பொருந்தாது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடனும் கிடையாது. மாஸ்டர்ஸுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர்தான், மொத்தம் 1,00,000 டாலரைத் தாண்டாது. பழைய விதியை நம்பித் திட்டம் போட்டிருந்தால் இன்றே திருத்துங்கள்.

மருத்துவ உளவியலில் கடைசி ஆண்டுப் பயிற்சிக்குச் சம்பளம் உண்டா?

பெரும்பாலும் உண்டு, ஆனால் சொற்பம். வேறு ஊரில் இடம் கிடைத்தால் வீடு மாற்றும் செலவும் உங்களுடையது. விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே அதற்கென்று மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.